ஐயனார் காட்டுச் சருகு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். சாமி காரியம். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பாவம் என்ற பயம்.

அரும்பாவூரைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் தெரு. கடைசி வீடு எங்களுடையது. எங்களுக்கும் மலைக்கும் நடுவே ஐயனார் கோயில் காடு மட்டும்தான். அதிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட வெளியே எடுத்துப்போகக் கூடாது. அடுப்புக்கு விறகில்லாத நாளிலும் யாரும் எடுத்ததில்லை. அதனால் சருகு முழங்கால் உயரம் கிடந்தது.

சில வருஷத்துக்கு முந்தி ஒரு மாசியில் வனத்துறைக்காரர் ஒருவர் வந்து தெரு ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார். மலைப்புல் காய்ந்துவிட்டது, தீ இறங்கினால் சருகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வரும் என்றார். வீட்டோரம் இருந்த சோளத்தட்டைப் போர்களை அன்றைக்கே நகர்த்தினோம். கோயில் காட்டுச் சருகு என்றதும் எல்லோரும் பூசாரியைத் திரும்பிப் பார்த்தோம்.

என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். தீ வந்தால் நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்?

பூசாரிதான் வழி சொன்னார். "வெளிய போகக்கூடாது, அம்புட்டுதானே? உள்ளாற தள்ளுங்க. சாமி காலடியிலயே கெடக்கட்டும்."

"குவிச்சு வைக்காதீங்க, மண்ணப் போட்டு மூடிடுங்க" என்றார் வனத்துறைக்காரர்.

"சாமி தலையில மண்ணப் போடச் சொல்றீங்களா சார்?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு போய்விட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவே கூடிச் சருகைக் கூட்டினோம். வீட்டுப் பக்கம் அகலமாக வெறும் மண் தெரிந்தது. சருகு முழுக்க ஐயனார் இருக்கும் இலுப்பை மரத்தடியில் குவிந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம் தீ இறங்கியது.

"என்னை வுட்டுட்டு மாட்ட அவுத்து வுடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாடு தானா நடந்துக்கும். நீங்க நடப்பீங்களா?"

பக்கத்து வீட்டு ஆட்கள் கட்டிலோடு தூக்கிப்போய் ரோட்டில் வைத்தார்கள். கூட்டிய மண்ணைத் தாண்டித் தீ வரவில்லை. ஆனால் பொறி பறந்து குவியலில் விழுந்துவிட்டது. இலுப்பை நின்றபடியே எரிந்தது. மரத்தடியில் நின்ற ஐயனாரின் மண்குதிரைகள் வெடித்த சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

"சாமி தீயைத் தன்மேல வாங்கிக்கிட்டாரு" என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும், வீட்டுக்குத் திரும்பியதும், "நாமதானடி கொண்டுபோயி குவிச்சோம்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இப்போது பூலாம்பாடிச் சொந்தக்காரர்கள், ஐயனார் குதிரையேறி வந்து தீயை மறித்ததாக என்னிடமே சொல்கிறார்கள். இந்த மாசியில் எங்கள் தெரு ஆட்களைத் துடைப்பத்தோடு கூப்பிட்டால், "சாமிதான் பாத்துக்குறாரே, அத்த, நீ எதுக்கு இடுப்பொடியிற?" என்கிறார்கள். கூட்டிய இடத்தில் மறுபடியும் கணுக்கால் அளவுக்குச் சருகு சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதே கட்டிலில்தான் கிடக்கிறார்.

ஐயனார்மேல் எனக்குக் குறையில்லை. எங்களுக்குக் கையையும் புத்தியையும் கொடுத்தவர் அவர்தான். படிக்கிற நீங்கள், மலையடிவாரத்தில் இருக்கிற உங்கள் சனத்துக்கு இதைச் சொல்லுங்கள். கூட்டினோம், வீடு தப்பியது. குவித்தோம், மரம் போனது. இதில் குதிரையைச் சேர்க்காமல், துடைப்பத்தை விட்டுவிடாமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.