உபவாசம் இருந்து கொழுத்தவள்

சபைக்கு முன்னால ஆண்டவருக்கு நன்றி சொல்லி, என்ர சாட்சியைச் சொல்லத்தான் எழும்பி நிக்கிறன். வேற ஒருத்தருக்கும் நன்றி சொல்ல நான் வரேல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஒருத்தரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியப்படாது.

என்னை உங்களுக்குத் தெரியும். துறைமுகப் பக்கம் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற ரஞ்சி அக்கா. என்ர தம்பி ஜெயத்தையும் தெரியும், வள்ளங்களின்ர எஞ்சின் திருத்திறவன். போன வருசம் பொங்கல் முடிஞ்ச கையோட அவனுக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிட்டுது. முகம் ஊதி, கால் ஊதி, ரத்தம் சுத்தப்படுத்த ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சு கிடந்தான். பிள்ளையள் ரெண்டும் சின்னன். அவன்ர மனுசிக்குச் சீனி வருத்தம், அவ சிறுநீரகம் குடுக்கேலாது. நான் குடுக்கிறன் எண்டன். ரத்தம் பொருந்திச்சு. எல்லாம் பொருந்திச்சு. கண்டியில பெரிய டொக்டர் என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, "அம்மா, உங்கட உடம்பில கொழுப்புக் கூட. ஈரலிலயும் படிஞ்சிருக்கு. இப்ப வெட்டினால் உங்களுக்கு ஆபத்து. குறைச்சுக்கொண்டு வாங்கோ, பிறகு பாப்பம்" எண்டார்.

என்ர தம்பி இருக்கிறதுக்கும் சாகிறதுக்கும் நடுவில நிண்டது என்ர வயிறு. விளங்குதோ? அண்டைக்கு நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இனி நீங்கள் செய்த உதவியைச் சொல்லுறன்.

முதல் வந்தவ சகோதரி கிறேஸ், மெலியிற பவுடர் போத்தலோட. ஆண்டவர் தனக்குக் கனவில காட்டினவராம். ஓம், ஆண்டவருக்கு வேற வேலை இல்லை, வனிலா வேணுமோ சொக்லேட் வேணுமோ எண்டு கனவில வந்து கேக்கிறார்! குடிச்சன். வயித்தால போனதுதான் மிச்சம். அடுத்தது எங்கட ஜெபக்குழுத் தலைவர் ஐயா. விசுவாசம் இருந்தால் கொழுப்புத் தானாக் கரையும் எண்டார். அதைச் சொல்லேக்கை அவற்ற வயிறு தள்ளிச் சேட்டுத் தெறி பிச்சுக்கொண்டு பறக்கப் பாத்தது.

கடைசியா எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு, உபவாச ஜெபம். தவக்காலம் முழுக்க, கிழமையில மூண்டு நாள், ஒவ்வொருத்தர் வீட்டில. காலமை ஒண்டும் தின்னாமல் மத்தியானம் வரைக்கும் முழங்காலில. நானும் இருந்தன். ஒரே ராத்திரியில கரைச்சுப்போடும் ஆண்டவரே எண்டு கண்ணீர் விட்டு இருந்தன். ஆனால் கடைசி ஆமென் சொல்லி வாய் மூட முதல் குசினிக் கதவு திறந்திடும். உபவாசம் முடிக்கிற சாப்பாடு! போன வீட்டுக்காரிக்கு இந்த வீட்டுக்காரி குறைஞ்சவ இல்லை எண்டு காட்டவேணுமே. ஒரு வீட்டில புரியாணி, அடுத்த வீட்டில பரோட்டாவும் கோழிக்கறியும், அதுக்கடுத்த வீட்டில இறால் பொரியலும் வட்டிலப்பமும். "பசியோட இருந்தனீங்கள் அக்கா, இன்னும் ஒண்டு வையுங்கோ." வேண்டாம் எண்டால் அவமரியாதையாம். வைச்சன். நல்லா வைச்சன்.

பெரிய வெள்ளி முடிஞ்சு கண்டியில தராசில ஏறினன். முதல் இருந்ததை விடக் கூட. மெஷின் பிழையாக்கும் எண்டு நேர்ஸ் பிள்ளை இறக்கித் திரும்ப ஏத்தினவ. மெஷின் சரியாத்தான் இருந்தது.

திரும்பி வரேக்கை பஸ்ஸுக்குள்ள இருந்து ஆண்டவரோட சண்டை பிடிச்சன். உமக்காகத்தானே பட்டினி கிடந்தனான்? என்ர தம்பியைக் கொல்லப்போறீரோ? வாயைத் திறந்து ஒண்டு சொல்லும்! இப்பிடித்தான் கேட்டனான், மரியாதை இல்லாமல். ஜெயம் பக்கத்தில கண்ணை மூடிக்கொண்டு இருந்தவன். என்ர முணுமுணுப்புக் காதில விழுந்திருக்கு. கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அக்கா, நான் ஒரு மிடறு தண்ணியையும் அளந்து குடிக்கிறன். நீ எனக்காக உபவாசம் இருந்திட்டு கோழிக்கால் சூப்பிப்போட்டு வாறாய். ஆருக்கடி அந்த உபவாசம்?"

கேட்டதுக்குப் பதில் வந்திட்டுது எண்டு விளங்கிச்சு. பிடிக்கேல்லை, ஆனால் விளங்கிச்சு.

அடுத்த நாளே இஞ்ச ஆஸ்பத்திரியில சாப்பாட்டு முறை சொல்லிக்குடுக்கிற பிள்ளையிட்டப் போனன். குறிஞ்சாக்கேணியில இருந்து வேலைக்கு வாற முஸ்லிம் பிள்ளை. நான் உபவாசக் கதையைச் சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. "எங்கட ஆக்களும் நோன்பு திறக்கேக்கை இதைத்தான் செய்யிறவை அம்மா. பகல் முழுக்கக் கிடந்த பசிக்குச் சமோசாவால பழி வாங்கிறது" எண்டா. பிறகு என்ர பைக்குள்ள இருந்த பவுடர் போத்தலைக் கண்டா. சிரிப்பு நிண்டுது. "சிறுநீரகம் குடுக்கப்போற ஆள், டொக்டரைக் கேக்காமல் இதையெல்லாம் குடிக்கலாமோ?" எண்டு பேசினா. குப்பைக்குப் போச்சு. சகோதரி கிறேஸ், மன்னிக்கவேணும். இல்லை, மன்னிக்கவேண்டாம்.

அந்தப் பிள்ளை சொன்னதில புதுமை ஒண்டும் இல்லை. பட்டினி கிடக்கப்படாது. மூண்டு நேரமும் சாப்பிடவேணும். தட்டில பாதி மரக்கறி, கால்வாசி சோறு, மற்றக் கால்வாசி மீன், பொரிக்காமல். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. தையல் மெஷினில ஒரேயடியாக் குந்தியிருக்காமல் இடைக்கிடை எழும்பவேணும். கதிரையில கையூண்டாமல் எழும்பி எழும்பி இருக்கவேணும், தொடைக்குப் பலம் வர. ஒவ்வொரு நாளும் வேகமா நடக்கவேணும். மெல்ல மெல்லக் குறைஞ்சால்தான் நிக்கும் எண்டா.

எங்கட ஊரில ஏத்தம் எண்டால் கோட்டைக்குள்ளதான். விடிய, அங்க திரியிற மான்களுக்கு நடுவால, உச்சியில இருக்கிற சிவன் கோயில் வாசல் வரைக்கும் ஏறித் திரும்பினன். ஏறேக்கையும் ஜெபம், இறங்கேக்கையும் ஜெபம். கொஞ்ச நாளில சபை முழுக்கக் கதை: ரஞ்சி அக்கா சாமிமலைக் கோயிலுக்குப் போறா, தம்பிக்கு நேர்த்தி வைச்சிட்டா. தலைவர் ஐயா விசாரிக்க என்ர வீட்டுக்கே வந்தார். "நாளைக்கு என்னோட ஏறி வாங்கோ ஐயா. நான் வாசலில திரும்பிறனோ உள்ளுக்குப் போறனோ எண்டு கண்ணால பாருங்கோ" எண்டன். வந்தார். பாதி ஏத்தத்தில குந்தினவர், மூச்சு வாங்கி வாங்கி, "சரி தங்கச்சி, நம்புறன்" எண்டார்.

லேசா நடந்தது எண்டு மட்டும் நினைக்காதையுங்கோ. கடையில கொத்து ரொட்டி தட்டுற சத்தம் கேட்டால் கண்ணீர் வரும். அழுதழுது வெண்டிக்காய் திண்டனான். தட்டு வெறுமையாகிற நேரம்தான் பெரிய சோதனை. திரும்பவும் இந்தக் கையை நீட்ட விடாதையும் ஆண்டவரே எண்டு சொல்லிச் சொல்லி எழும்புவன். ஒவ்வொரு தரமும் எழுப்பிவிட்டார். அதுதான் என்ர அற்புதம். உங்களுக்கு அது காணாதெண்டால் நான் என்ன செய்ய?

நத்தாருக்கு முதல் கண்டியில திரும்பப் பாத்தினம். ஈரலில கொழுப்பு இறங்கிட்டுது, இனிச் செய்யலாம் எண்டார் டொக்டர். தை மாசம் வெட்டினவை. மயக்கம் தெளிய நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்கு மூத்திரம் போகுதோ?" நேர்ஸ் பிள்ளை சிரிச்சா. "பை நிரம்புது அம்மா" எண்டா. சபையில இந்தச் சொல்லுச் சொல்லவேண்டாம் எண்டு ஐயா முதலே சொன்னவர். சொல்லுவன். காயம் இழுக்க இழுக்க நான் ஸ்தோத்திரம் சொன்னது அந்த மூத்திரத்துக்குத்தான்.

ஜெயம் பின் வாங்கிலில மாஸ்க் போட்டுக்கொண்டு இருக்கிறான். ஒருத்தரும் பாய்ஞ்சு போய்க் கட்டிப்பிடிக்கவேண்டாம், கிருமி தொத்தும்.

உங்களில ஆராருக்குச் சீனி, ஆராருக்கு ஈரல் எண்டு எனக்குத் தெரியும், எல்லாற்ற உடுப்பையும் நான்தானே அகட்டிக் குடுக்கிறனான். ஆண்டவரிட்டக் கேளுங்கோ. கட்டாயம் கேப்பார். அடுத்த உபவாச ஜெபம் என்ர வீட்டில. முடிய ஆளுக்கு ஒரு கிண்ணம் இலைக்கஞ்சி, பிறகு எல்லாரும் கோட்டைக்கு நடை. கஞ்சி எண்ட உடனே முகம் சுழிக்கிறவையை இஞ்ச நிண்டே காணுறன். நீங்கள்தான் முதல் வரவேணும். நாளைக்கு உங்கட பிள்ளைக்கோ தம்பிக்கோ ஒண்டு தேவைப்பட்டால், என்னட்ட வந்து அழேலாது. என்னட்டக் குடுக்க இருந்ததைக் குடுத்திட்டன். இனி உங்கட உடம்பிலதான் எடுக்கவேணும்.