எட்டு மணி வெயில்

நான் தண்ணீர் திருடினேன் என்று முதலில் காட்டியது ஒரு கேமரா. அதை நம்பி ஊரறிய எழுதியவர் என் பெரியப்பா மகன். கேமராவை எப்போதோ மன்னித்துவிட்டேன். அண்ணனை இன்னும் இல்லை.

சேத்தூருக்கு மேற்கே எங்களுக்கு ஒரு பங்குக் கிணறு. ராஜபாளையத்தில் கடை வைத்திருக்கும் அந்த அண்ணன், போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா, நான், ஆக மூன்று பங்கு. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார்; வயல் முழுக்க என் பொறுப்பு. அப்பாவின் பங்கு மகளான எனக்கு வந்தது அண்ணனுக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

எங்களுக்குத் தண்ணீர் முறை மாறுவது பக்கத்து மில் சங்கை வைத்துத்தான். காலை ஏழு மணிச் சங்குக்கு நான் மோட்டார் போட்டால் மூன்று மணிச் சங்கோடு என் முறை முடிந்தது, அதன்பின் அண்ணன். மறுநாள் மாமா. அடுத்தவர் முறைக்குள் மோட்டாரை ஓட்டியவருக்கு அடுத்த இரண்டு முறை கிடையாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம் இது, ஆனாலும் யாரும் மீறியதில்லை.

யாரோ மோட்டார் வயரை வெட்டிக்கொண்டு போன பிறகு, மோட்டார் அறைச் சுவரில் கேமரா வைக்க முடிவானது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆள் வந்து மாட்டினார். ராகு காலம் தொடங்குவதற்குள் ஓடவிட வேண்டும் என்று அண்ணன் அவரை விரட்டிக்கொண்டே இருந்தார். கேமராவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டினோம். நல்ல நேரம் பார்த்த அத்தனை பேரில் ஒருவர்கூட அந்தக் கேமரா என்ன நேரம் காட்டுகிறது என்று பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்து, பங்காளிகள் குடும்பமெல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. அதில் நான் மோட்டாரை நிறுத்துகிறேன். மூலையில் 17:25 என்று மணி. கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "தண்ணித் திருட்டு. ரெண்டு முறை கட்."

நெல் பால் பிடிக்கும் நேரம் அது. இரண்டு முறை தண்ணீர் பாயாவிட்டால் மணி பிடிக்காமல் அத்தனையும் சாவியாகிவிடும். அழுவதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை. இருவரையும் கிணற்றடிக்கு வரச் சொன்னேன்.

மாமா வந்ததும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "ஏட்டி, எம்புட்டு கேஸ் பாத்திருப்பேன். ஆளு பொய் சொல்லும், ரெக்கார்டு சொல்லாது. பேசாம ஒத்துக்கோ, பொறவு ஒரு முறையாக் கொறச்சுக்கிடலாம்."

"எதை மாமா ஒத்துக்கச் சொல்லுதீய? நான் மூணு மணிச் சங்குக்கு முன்னாலயே நிறுத்திட்டேன்."

"நான் கடையில இருந்து வர லேட்டாகும்னு தெரிஞ்சுதான ஓட்டியிருக்க?" என்றார் அண்ணன். "நான் அஞ்சரைக்கு வாரேன். அதுக்குச் செத்த முன்னாடிதான் நிறுத்தியிருக்க."

"அன்னைக்கு நீங்க வந்த வீடியோவையும் போடுங்கண்ணே."

"அது எதுக்கு?"

"கேமரா என்னைய மட்டும் பாக்கவா வச்சிருக்கு? போடுங்க."

அண்ணன் முனகினார். மாமாவுக்குள் இருந்த பழைய ஏட்டு விழித்துக்கொண்டார். அண்ணனின் போனை வாங்கி அவரே தேடி எடுத்தார். அண்ணன் பைக்கை நிறுத்துகிறார். எதிர்வெயில் கண்ணைக் கூச, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கிணற்றைப் பார்க்கிறார். மூலையில் மணி 20:02.

"ராத்திரி எட்டு மணிக்கு வெயில் அடிக்குதாண்ணே, உங்க முறைக்கு மட்டும்?"

மாமா விரல் விட்டு எண்ணினார். "ஏலே, இது ரெண்டரை மணி நேரம் கூட ஓடுதுலே." கேமரா மாட்டியவரைப் போனில் பிடித்தோம். சீனாவில் செய்த கேமரா, அந்த நாட்டு நேரத்திலேயே ஓடுகிறது, அன்றைய அவசரத்தில் மாற்றாமல் விட்டுவிட்டேன் என்றார். 17:25 என்றால் உண்மையில் இரண்டு ஐம்பத்தைந்து.

"சரி விடு தங்கச்சி, மிஷின் தப்பு. நேரத்தை மாத்திருதேன்" என்று அண்ணன் போனுக்குக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டு அதை வாங்கினேன்.

"மிஷினா குரூப்புல திருட்டுன்னு எழுதுச்சு? மொதல்ல அதை மாத்துங்க. பொறவு மணியை மாத்தலாம்."

"குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்" என்று மாமா இழுத்தார். குடும்பத்துக்குள் ஒருத்தியைத் திருடி ஆக்கும்போது வராத கூச்சம், அதைத் திருத்தும்போது மட்டும் வந்துவிடுகிறது. குரூப்பைத் திறந்து போனை அண்ணனிடம் நீட்டிவிட்டு, அவர் பைக்கை மறித்து நின்றேன். அண்ணன் முறைத்தார், கடைக்கு நேரமாச்சு என்றார். கடைசியில் எழுதினார்: "கேமரால நேரம் தப்பு. தங்கச்சி நிறுத்துனது 2.55. நான் வந்ததுதான் லேட்டு." அந்தக் கடைசி வரியை நான்தான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். அதன்பின் கேமரா மாட்டியவரிடம் கேட்டுக்கேட்டு, கேமராவை என் போனிலும் சேர்த்து, சரியான நேரத்தை என் கையாலேயே வைத்தேன்.

அடுத்த என் முறை வந்தது. இத்தனை வருடமும் ஐந்து நிமிஷம் முன்னதாகவே மோட்டாரை நிறுத்திவிடுவேன். பொம்பளை நடத்துகிற வயல், எதற்கு வம்பு என்று நானாக விட்டுக்கொடுத்த ஐந்து நிமிஷம் அது. அன்று போனில் கேமராவைப் பார்த்தேன். 14:55 ஆனது. நிறுத்தவில்லை. சங்கு ஊதும்வரை தண்ணீர் என் வயலுக்குப் பாய்ந்தது.