எட்டாம் நம்பருக்குப் போட்ட சோறு

அந்த அணியில் எங்களுக்கு மகன் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஆளாளுக்குக் கேட்டது அதைத்தான்: உங்கள் பிள்ளையே ஆடவில்லை, உங்களுக்கு என்ன வந்தது? எங்களுக்கு இருப்பது ஒரே மகள். தெற்கு ஆக்லாந்தில், பாபகூராவில், வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜில் படித்தாள். இந்த நாட்டில் காலேஜ் என்றால் உயர்நிலைப் பள்ளிதான். அவள் அதை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு டனீடின் போய்விட்டாள். நாங்கள்தான் காலேஜை விடவில்லை.

காரணம் ரக்பி. வந்த புதிதில் "இது என்ன விளையாட்டு, ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிப் படுத்துக்கிட்டு" என்று கேலி செய்தவர் என் கணவர். மகளின் தோழிகளோடு ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனோம், அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை எனக்கு. சனிக்கிழமைக் காலை ஷிப்ட் வேண்டவே வேண்டாம் என்று மேனேஜரோடு சண்டை போட்டு வாங்கினேன். மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு ரெஃபரியைத் தமிழில் திட்டுவேன். "அடப்பாவி, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" அந்த ஆளுக்கு ஒரு எழுத்து புரியாது. எனக்கு வாரத்துக்கெல்லாம் அது போதும்.

என் பக்கத்தில் எப்போதும் நிற்பவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அவருடைய மகன் அணியில் ஓரத்தில் ஓடுகிறவன், நல்ல வேகம். "ஓடடா ராசா, ஓடு!" என்று அவர் கத்தினால் எதிர் அணிக்காரனே ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பான். ஒரே போர்வையைக் கால்மேல் போட்டுக்கொண்டு, ஒரே பிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டு, இரண்டு பேரும் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புவோம். கூடப் பிறந்தவள் இருந்தால் இப்படித்தான் இருப்பாள் என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

மைதானத்தில் ஒரு பெரிய மனுஷரும் உண்டு. அதே காலேஜின் பழைய மாணவர். வீடு கட்டி விற்கிறவர். அணிக்கு ஜெர்ஸி அவர் காசு, பஸ் அவர் காசு, நாங்கள் மழைக்கு ஒதுங்கும் கூரையும் அவர் காசு. அவருடைய கறுப்பு வண்டி உள்ளே வந்தால் கூட்டம் தானாக வழிவிடும். நானும் பல்லைக் காட்டியவள்தான், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் கோச் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். டோங்காவிலிருந்து ஒரு பையன் வருகிறான், கடைசி இரண்டு வருடம் இங்கே படிப்பான், அணியில் ஆடுவான், தங்க ஒரு வீடு வேண்டும். நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மகளின் அறை சும்மா கிடந்தது. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. "எங்க வீட்டுக்கு வரட்டும்" என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் பெரிய மனுஷரே தேடி வந்து, பையனின் சாப்பாட்டுக்கும் அறைக்கும் வாரா வாரம் பணம் தந்துவிடுவதாகச் சொன்னார். கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இங்கிலீஷில் மரியாதையாக மறுத்துவிட்டு, காரில் ஏறியதும் என்னிடம் பொரிந்து தள்ளினார். "வீட்டுக்கு வர்ற புள்ளைக்குச் சோறு போட்டுட்டுக் காசு வாங்குறதா? நாம என்ன மெஸ்ஸா நடத்துறோம்?" எனக்கும் அதே எண்ணம்தான். அதில் எங்களுக்குள் ஒரு பேச்சும் வரவில்லை.

பையன் வந்தான். வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வந்தான், அப்படி ஒரு ஆகிருதி. குரல் மட்டும் பூனைக்குட்டிக் குரல். முதல் இரண்டு வாரம் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். அப்புறம் கூச்சம் விட்டுப்போய், நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் ஃபிரிட்ஜைத் திறந்து மீன் குழம்பைச் சூடாக்கி, குக்கரை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது பாத்ரூமில் பாடுவான் பாருங்கள், வீடே நிறைந்துவிடும். அவனுடைய அம்மா வீடியோவில் வந்தால் அந்த அம்மாள் அவர்கள் பாஷையிலும் நான் தமிழிலும் பேசிக்கொள்வோம். ரெண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியது. அவன் பூட்ஸ் கிழிந்தபோது அந்தக் காலுக்கு அளவு கிடைக்காமல் ஒனிஹங்கா வரை போய் வாங்கிக் கொடுத்தார் என் கணவர். சட்டை எண் எட்டு. மைதானத்தில் புதிதாக யாராவது "எது உங்க பையன்?" என்று கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாகக் கையை நீட்டுவோம்.

அந்த வருடம் நாங்கள் கப் அடித்தோம். பாருங்கள், "நாங்கள்" என்றுதான் வருகிறது. இறுதி ஆட்டத்தில் மூன்று பேரை இழுத்துக்கொண்டே போன எங்கள் பையன், விழும்போது பந்தை ஓரத்தில் வந்த அக்காவின் மகனுக்குத் தட்டிவிட்டான். அந்தப் பிள்ளை பறந்துபோய் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தான். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "எங்கட பிள்ளையள், எங்கட பிள்ளையள்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. கண் பட்டுவிட்டது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கப் வந்து கொஞ்ச நாளில் பேப்பரில் வந்தது. எங்கள் பெரிய மனுஷர் காசு கொடுத்து ஆட்டக்காரர்களை இறக்குகிறார், டோங்காப் பையனின் விமானச் செலவும் பள்ளிக் கட்டணமும் அவர் பணம் என்று தோற்ற பள்ளி புகார் கொடுத்திருந்தது. அணிக்கு ஆடுவதற்காக ஒரு மாணவனுக்கு யாரும் எதையும் இலவசமாகத் தரக்கூடாது என்பது விதியாம். இப்படி ஒரு விதி இருப்பது எங்களுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

முதல் வாரம் எங்கள் ரசிகர் கூட்டம் ஒரே கட்டாக நின்றது. சிட்டியில் இருக்கிற பணக்காரப் பள்ளிகள் ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்து இதைத்தானே செய்கின்றன, தெற்கு ஆக்லாந்துக்காரன் ஜெயித்தால் மட்டும் வயிற்றெரிச்சலா என்று எல்லோரும் கொதித்தார்கள். நானும் ஃபேஸ்புக்கில் போய் நாலு வரி நறுக்கென்று எழுதினேன். அடுத்த வாரம் சுருதி மாறியது. பையன் ரொம்பப் பெரியவனாகத் தெரிகிறானே, வயது உண்மையா என்று ஒருத்தி எழுதினாள். அவனோடு செல்ஃபி எடுத்துப் போட்டவள் அவள்! பெரிய மனுஷரைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. கூரை அவருடையது அல்லவா.

விளையாட்டுச் சங்கத்திலிருந்து விசாரிக்க ஒரு அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பஜ்ஜி போட்டு டீ வைத்தேன். தான் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். இந்தப் பையனைத் தங்கவைக்க யார் பணம் தந்தார்கள் என்று கேட்டார். கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஒரு சென்ட் யார்கிட்டயும் வாங்கல மேடம்." சாப்பாடு? "எல்லாம் நாங்கதான்." பூட்ஸ்? "நாங்கதான்." நானும் சும்மா இருந்தேனா? போன், குளிர் ஜாக்கெட், ட்ரெயின் கார்டு என்று பெருமையாக எடுத்துச் சொன்னேன். பணம் வாங்கவில்லை என்று நிரூபித்துவிட்டால் பையனுக்கு நல்லது என்று நினைத்தோம். நல்ல பெயருக்கு ஆசைப்பட்டு எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். பையன் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த அம்மாளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவர் ஒன்று கேட்டார். "இவன் ரக்பி ஆடாத பையனா இருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பீங்களா?"

நான் பட்டென்று ஆமாம் என்றேன். கணவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். யோசித்தார். கொஞ்ச நேரம்தான் யோசித்தார், அதற்குள் பையன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்துவிட்டான்.

தீர்ப்பு வந்தபோது பெரிய மனுஷர் சுத்தமாக வெளியே போய்விட்டார். காலேஜுக்கு நன்கொடை கொடுத்தேன், அது யாருக்குப் போனதென்று எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டாராம். அசைக்க முடியாத சாட்சியாக நின்றது எங்கள் வாய்தான். அணியின் ஆதரவாளர் குடும்பம் ஒன்று இலவச இடமும் உணவும் பொருட்களும் கொடுத்தது என்று எழுதியிருந்தார்கள். யாரோ எவரோ போட்டிருந்தால் அது தர்மம். ரசிகர் போட்டதால் லஞ்சம். கப் பறிபோனது. எங்கள் பையன் இனி எந்தப் பள்ளி அணியிலும் ஆடக்கூடாது.

அதற்குப் பிறகுதான் நான் ரசிகர்கள் என்றால் யார் என்று பார்த்தேன். எவ்வளவு பணம் அடித்தார்கள், கிச்சனைப் புதுப்பித்தது எந்தக் காசில் என்று எழுதினார்கள். அடமானக் கடனை ஏற்றிக் கட்டிய கிச்சன் ஐயா அது, இன்னும் வட்டி கட்டுகிறோம்! தெருமுனை டெய்ரிக் கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அணியின் போட்டோவை எடுத்துவிட்டு, நான் பால் வாங்கும்போது கல்லாவையே பார்த்துக்கொண்டு நின்றார். இதெல்லாம் போகட்டும். அக்காவின் போன் வரவில்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை. கடைசியில் இந்தியன் கடை வாசலில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம்.

"அக்கா, என்கிட்ட ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றேன்.

"என்னத்தைக் கதைக்கிறது? என்ர பிள்ளை சின்ன வயசில இருந்து ஓடி ஓடி எடுத்த கப் அது. நீங்கள் போட்ட சோத்தாலதானே போச்சுது?"

"நீங்களும்தானே அவனுக்குப் புட்டும் நண்டுக் கறியும் குடுத்து விட்டீங்க?"

"ஓம், குடுத்தனான். ஆனா நான் வாயைத் திறந்து அதை அவைக்குச் சொல்லேல்லையே." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் பெற்றவர். நான் யார்?

வீட்டில் பையன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். ஸ்கூலில் ஆச்சு, பசியில்லை என்பான். அறையைக் கூட்டப்போனபோது பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் நூடுல்ஸ் உறைகள். அடுப்பையும் தண்ணீரையும்கூடத் தொடாமல் பச்சையாகவே கடித்துத் தின்றிருக்கிறான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என் வீட்டுல இருந்துகிட்டுப் பட்டினி கிடப்பியா நீ? என்ன திமிரு உனக்கு?" என்று தமிழிலேயே கத்தினேன். மேஜையில் படித்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்று, மெதுவாக இங்கிலீஷில் சொன்னான். "ஆன்ட்டி, நீங்க குடுத்ததையெல்லாம் அவங்க எழுதிட்டாங்க. நான் இன்னும் சாப்பிட்டா இன்னும் எழுதுவாங்க. உங்களுக்குத்தான் கஷ்டம்." அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வருடக் கட்டணம் வரவில்லை. பெரிய மனுஷரின் போன் அணைந்தே கிடந்தது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் வேண்டும், நாங்களே கட்டுகிறோம் என்று பிரின்சிபாலிடம் போய் நின்றோம். அவர் நல்ல மனிதர், கையைப் பிசைந்தார். நீங்கள் ஆதரவாளர்கள், உங்கள் பணத்தை வாங்கினால் மறுபடியும் அதே குற்றம்தான் என்றார். இனிமேல் மைதானத்துப் பக்கமே வரமாட்டோம் சார், ரசிகர்கள் இல்லை என்று எழுதிக் கொடுக்கிறோம் என்றார் என் கணவர். அந்த மனுஷர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. கட்டணம் இல்லாமல் விசா இல்லை.

மங்கரே விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேர்தான் போனோம். அந்த மைதானம் கொள்ளாத கூட்டத்திலிருந்து ஒரு ஆள் வரவில்லை. பையன் பெட்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போயிருக்காது என்று எனக்குத் தெரியும். பையிலிருந்து எலுமிச்சைச் சோற்றை எடுத்து மடியில் வைத்தேன். அவன் தொடவில்லை. அக்கம்பக்கம் பார்த்தான், போனில் யாராவது படம் எடுக்கிறார்களா என்று.

"ஆன்ட்டி, இதைச் சாப்பிட்டா யாருக்காவது தண்டனை வருமா?"

எப்படியாவது அவன் வயிற்றில் இரண்டு வாய் இறங்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் புத்தியில் இருந்தது.

"ஒண்ணும் வராதுடா. நீ இப்ப எந்த டீம்லயும் இல்ல. சாப்பிடு."

அவன் டப்பாவின் மூடியைத் திறந்தான். ஒரு கை எடுத்தான். எடுத்த கை பாதியில் அப்படியே நின்றுவிட்டது. எந்த டீமிலும் இல்லை என்று நான் சொன்னது அப்போதுதான் என் காதிலும் விழுந்தது.