கோட்டைச்சாமியும் நித்தியகல்யாணிக் கசாயமும்

கோட்டைச்சாமியைக் கைவிட்டவர்களின் வரிசையில் என் பெயரும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைத் திட்டும்போது என்னை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

நான் பெனாசிர். விருதுநகர் பஜாரில் எங்கள் அத்தாவுக்கு வத்தல் கடை. நான் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மருந்து கொடுப்பது டாக்டர். கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவது நான்.

கோட்டைச்சாமி அச்சங்குளத்துக்காரர். அவர் அப்பா அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர். மகன் பட்டாசு ஆலைக்குப் போய், இருபத்திரண்டு வருடம் வெடிமருந்துக் கலவை அறையில் நின்றார். நாற்பத்தாறு வயதில் கழுத்தில் நெறி கட்டியது. சீசன் முடியட்டும் என்று ஆலையில் லீவு கொடுக்கவில்லை. இவரும் சொத்தைப் பல்லால் வந்ததுதான் என்று சொல்லிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினார். மதுரைக்கு வந்தபோது நிணநீர்ப் புற்றுநோய் முற்றியிருந்தது.

வழக்கமான ஊசிகளைப் போட்டார்கள். அடங்கிய கட்டி எட்டே மாதத்தில் திரும்பி வந்தது. அந்த வழியில் இனி ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் எங்கள் பிரிவுக்கு அனுப்பினார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தட்டியெழுப்பிப் புற்றுநோய் மேல் ஏவிவிடுகிற ஊசி. இன்னும் விற்பனைக்கு வராதது. செலவு முழுக்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. மூன்று ஊசியில் கட்டி பாதியாகக் குறைந்தது. அவர் மனைவி பாண்டிச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நாலாவது ஊசிக்கு வந்த அன்று ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அதலபாதாளத்தில் கிடந்தன. இந்த ஊசியால் இப்படி ஆகாதே என்று டாக்டர் என் படிவத்தைப் புரட்டினார். நாட்டு மருந்து, பச்சிலை, கசாயம் எல்லாவற்றுக்கும் நேராக ‘இல்லை’ என்றிருந்தது.

அந்த ‘இல்லை’யை எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் இந்த மாவட்டத்துக்காரி. சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து சோதனைக்கு அதிகாரிகள் கிளம்பினால், ஜீப் வந்து சேர்வதற்குள் ஆலைகளில் ஆட்களுக்குப் பதில் சொல்லிக்கொடுக்கும் பாடம் நடக்கும். எத்தனை வருசமா வேலை? ரெண்டு மாசம். கலவை தொடுவியா? தொட்டதில்ல. ரூமுக்கு எத்தன பேரு? நாலு பேரு. உள்ளே ஒன்பது பேர் இருந்திருப்பார்கள். தாளும் பேனாவுமாக வருகிறவரிடம் ‘இல்லை’ சொல்லியே பிழைத்த மனிதர் முன்னால், நானும் தாளும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். படித்த முட்டாள்.

இந்த முறை பேனாவை எடுக்கவில்லை. கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“அண்ணே, வீட்டுல வேற என்ன குடிக்கீக? உண்மையச் சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாண்டிச்செல்விதான் சொன்னார்.

“நித்தியகல்யாணி எலைய அவிச்சுக் குடுத்தேன் தாயி. காலையில ஒரு டம்ளர், பொளுது சாய ஒரு டம்ளர். மொதல்ல பாத்த டாக்டர்தான சொன்னாரு, போட்ட ஊசில ஒண்ணு அந்தச் செடியில எடுத்ததுன்னு. வெம்பக்கோட்டைல எங்க அண்ணன் காடு பூரா அதத்தான் போட்டுருக்கான். மருந்துக் கம்பெனிக்கு லோடு லோடாப் போகுது. அந்த ஊசிய நிப்பாட்டிட்டாகளே, எலயாவது இருக்கேன்னு அவிச்சேன்.”

அந்த அம்மாளை எப்படித் திட்டுவது? டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் மூட்டை மூட்டையாக இலையைப் போட்டுச் சிட்டிகை மருந்தைப் பிரித்தெடுத்து, அளந்து ஏற்றுவது வேறு. வீட்டில் அவித்துக் குடித்தால் அது விஷம். ரத்தம் ஊறுகிற இடத்தையே கெடுத்துவிடும். பாதியைச் சொன்ன டாக்டருக்கு மீதியைச் சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் எழுதினேன். ஊசி மேல் குற்றமில்லை, கசாயத்தை நிறுத்தியாயிற்று, அணுக்கள் ஏறியதும் தொடரலாம் என்று டாக்டரும் எழுதினார். அணுக்கள் ஏறின. கம்பெனியிலிருந்து பதில் வந்தது: நாட்டு மருந்து சாப்பிட்டது விதிமீறல், இவரை நீக்கவும். டாக்டர் இரண்டு முறை கெஞ்சி எழுதியும் அதே பதில். அவர்களுடைய புள்ளிவிவரம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். மனுசன் எக்கேடு கெட்டால் என்ன. நான் எதையும் எழுதாமல் கசாயத்தை மட்டும் நிறுத்தச் சொல்லியிருந்தால் ஊசி தொடர்ந்திருக்கும்.

கையெழுத்து வாங்கவும் என்னைத்தான் அனுப்பினார்கள். கோட்டைச்சாமி படிவத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்: ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் இச்சோதனையிலிருந்து விலகுகிறேன்.’

“நான் எங்க தாயி விலகுனேன்? கைய நீட்டிக்கிட்டுத்தான உக்காந்திருக்கேன்.”

“எல்லாருக்கும் இதே ஃபாரம்தாண்ணே.”

“இருக்கட்டும். நீங்க தள்ளிவிட்டீகன்னு எழுதுங்க. அதுல போடுறேன் கையெழுத்து.”

அச்சடித்த வரியை அடித்துவிட்டு, ‘நோயாளி விலகவில்லை. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே கம்பெனி நீக்கியது’ என்று எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தார். கையெழுத்துப் போட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

“இப்ப உள்ளத உள்ளபடி எழுதியாச்சுல்ல தாயி? இதப் பாத்தா ஊசி போட்டுருவாகள்ல?”

மாட்டார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.