ஹல்டா ஒப்புக்கொள்ளாத நவம்பர்

அமெரிக்காவின் மில்பர்ன் ஊரில் ஹல்டா க்ரான்ஸ் எவரையும் நம்பமாட்டாள், காலண்டரைக்கூட. சும்மா வந்த குணமில்லை அது.

1918 நவம்பர் ஏழாம் தேதி, போர் முடிந்ததென்று தேவாலய மணி அடித்தது, ஆலைச் சங்கு ஊதியது. பிரான்சில் போர்முனையில் இருந்த கணவன் ஆர்லோ தப்பித்தான் என்று ஹல்டா நடுத்தெருவில் ஆடினாள். பொழுது சாய்வதற்குள் செய்தி பொய்யென்று ஆகிவிட்டது. ஊர் அசடு வழிந்தபடி வீடு திரும்பியது. அவளால் அப்படித் திரும்ப முடியவில்லை. பதினோராம் தேதி நிஜமாகவே மணி அடித்தபோது கதவைத் திறக்கவில்லை.

போர் முடிவதற்கு முந்தைய நாள் ஆர்லோ இறந்துவிட்டான் என்று பிறகு தந்தி வந்தது. ஹல்டா அதை நம்பவில்லை. ஊரையே ஏமாற்றியவர்களுக்கு ஒருத்தியை ஏமாற்றத் தெரியாதா? ஆண்டுதோறும் நவம்பர் பதினோராம் தேதி காலை பதினொரு மணிக்கு, இறந்தவர்களுக்காக ஊரே வாய்மூடி நிற்கும். ஹல்டா அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் கழுவுவாள், வேண்டுமென்றே சத்தமாக. நின்றால் அவன் செத்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

ஆர்லோவோடு போருக்குப் போய் உயிரோடு திரும்பிய லெஸ்டர், அவன் விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். சில ஆண்டு கழித்து அவளைக் கட்டிக்கொள்ளவும் கேட்டான்.

"புருஷன் இருக்கிறவகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று அனுப்பிவிட்டாள். சாட்சி சொன்னவனே மாப்பிள்ளையாக வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது!

1939-இல் கடைக்காரர்களின் வியாபாரத்துக்காக அதிபர், நவம்பர் கடைசி வியாழனில் வான்கோழி விருந்தோடு வரும் நன்றி நாள் பண்டிகையை ஒரு வாரம் முன்னே இழுத்தார். பாதி நாடு கேட்டது, மீதி கேட்கவில்லை. நாளையே நகர்த்துகிறவர்கள் ஒரு தந்தியில் எதைத்தான் எழுதமாட்டார்கள் என்றாள் ஹல்டா. அந்த ஆண்டு அவள் வீட்டில் எந்த வியாழனும் வான்கோழி வேகவில்லை.

1954-இல், அதுவரை போர்நிறுத்த நாளாக இருந்த நவம்பர் பதினொன்றின் பெயரையே படைவீரர் நாள் என்று மாற்றினார்கள். நரைத்துப்போன லெஸ்டர், அன்றைய விருந்துக்கு அழைக்க அவள் வாசலுக்கு வந்தான்.

"இனிமே இது போர்ல சேவை செஞ்ச எல்லாருக்குமான நாள், ஹல்டா. உயிரோட வந்த எங்களுக்கும்தான். இந்தத் தடவையாவது வாயேன்."

"அப்போ ஆர்லோவுக்கு?"

"செத்தவங்களுக்குன்னு தனியா மே மாசத்துல ஒரு நாள் இருக்கே."

இதிலும் ஏதோ சூது இருப்பதாக அவளுக்குப் பட்டது. கோபம் தலைக்கேறியது.

"அவரு மே மாசத்துல சாகல, லெஸ்டர். நவம்பர்ல செத்தாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.