மாமாவின் துப்பாக்கியை மாற்றச் சொன்னது நான்தான்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. வடசென்னையில், விம்கோ நகரில், ஒரு கூடமும் ஒரு சமையலறையும் மட்டுமே உள்ள வீட்டில், டிவிக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் அது மாட்டியிருக்கும். அலுவலகத்தில் ஒருமுறை இதைச் சொல்லப் போய், "உங்க ஏரியாவுல எல்லார் வீட்லயும் இருக்குமே" என்று சிரித்தார்கள். அட போங்கப்பா என்று விட்டுவிட்டேன்.

அது என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். துப்பாக்கி அப்போது என்னைவிட உயரம். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, பின்னால் பொட்டு வெடி மாதிரி சின்னதாக ஒரு கேப் வைத்துச் சுடுகிற பழைய காலத்து வேட்டைத் துப்பாக்கி. அம்மாவின் அப்பா அதை எடுத்துக்கொண்டு எண்ணூர் ஆற்றோரம் போய் உள்ளான் குருவி சுட்டு வருவாராம். அவருக்குப் பின் லைசென்ஸ் மாமா பேருக்கு வந்தது. அதில் வேட்டை என்றெல்லாம் கிடையாது. காரணம் என்ற இடத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்றும், தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்றும் எழுதியிருக்கும்.

பயிர்தான் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த முக்கால் ஏக்கரை நான் பிறப்பதற்கு முன்பே விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அங்கே கன்டெய்னர் யார்டு வைத்தார்கள். மாமா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டப் போனார். கூத்தைப் பாருங்கள், பாதி நாள் அவர் பெட்டி இறக்கப் போகிற இடமே அந்த யார்டுதான். லீவு நாளில் என்னை பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய், வேலிக்கு வெளியே நின்று கை நீட்டி, "அதோ பாரு, அதான் நம்ம வயலு" என்பார். சிவப்பு, நீலம், பச்சை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வயல் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ரொம்பப் பெருமை.

வயல் போன விஷயம் லைசென்ஸ் கொடுத்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் துப்பாக்கி போய்விடும். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கும்போது முத்திரை மட்டும் விழும், யாரும் எதையும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அந்தச் சின்னப் புத்தகத்தைப் பிரித்து, தொழில் என்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வேறு எந்தக் காகிதத்திலும் அவர் விவசாயி இல்லை. ரேஷன் கார்டில்கூட டிரைவர்தான்.

நான் மூன்றாவது படித்த வருடம் துப்பாக்கிக்கு நோவு வந்தது. உப்புக் காற்றில் குழல் துருப்பிடித்து, கட்டையில் விரிசல் விட்டுவிட்டது. அதற்குப் போடுகிற கேப் எங்கேயும் கிடைக்கவில்லை. துப்பாக்கிக் கடைக்காரர், "இதைக் கொடுத்துட்டு, நடுவுல மடிச்சி தோட்டா போடுற மாடலா மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டார். மாற்ற வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். மனுப் போட்டால் விசாரணைக்கு ஆள் வரும். சும்மா தேய்த்து வார்னிஷ் அடித்து மாட்டிவைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள், ஆனால் அது சுடாது.

இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு மாதம் பேசினார்கள். அப்பா கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையில் இருந்தார். எங்கள் வீட்டுக் கதவு, பீரோ, என் சைக்கிள் எல்லாமே கப்பல் சாம்பல் நிறம். "இன்னாத்துக்கு மச்சான் மாத்திக்கினு? ரெண்டு கோட்டு அடிச்சி வுடுறேன். கடலையே தாங்குது, இது தாங்காதா?" என்றார் அப்பா.

"அது துப்பாக்கி மாமா, கப்பல் இல்ல" என்றார் மாமா.

அம்மாவுக்கு அந்தச் சனியன் வீட்டைவிட்டுப் போனால் போதும். ஆனால் தம்பி முகத்தைப் பார்த்தால் வாய் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அதை மடியில் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டார்: "நீ சொல்லு கண்ணு. மாத்தலாமா, வாணாமா?"

நான் வகுப்பு முழுக்க, எங்கள் மாமா துப்பாக்கி சுடுவார் என்று அளந்துவிட்டிருந்தேன். சத்தம் கேட்க வரலாமா என்று நாலு பேர் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். சுடாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? "மாத்து மாமா" என்று குதித்தேன். அவர் அதற்காகவே காத்திருந்த மாதிரி சிரித்தார். மறுநாளே மனு போனது.

அதற்கப்புறம்தான் மெருகு வேலை. வருகிறவர் கண்ணுக்குப் பொருள் லட்சணமாக இருக்க வேண்டும் என்று மாமா உப்புத்தாள் வாங்கிவந்து கட்டையை நாள் கணக்கில் தேய்த்தார். விரிசலில் மரத்தூளும் வஜ்ரப் பசையும் குழைத்து அடைத்தார். குழலை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசினார். வார்னிஷ் காய்கிறவரைக்கும் யாரும் ஃபேன் போடக் கூடாது, தூசி ஒட்டுமாம். வியர்வையில் நாங்கள் செத்தோம். முடிந்தபோது அது எங்கள் வீட்டுப் பொருள் மாதிரியே இல்லை, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

விசாரணைக்கு வந்தவர் தாலுகா ஆபீஸ்காரர். நல்ல மனுஷர். சனிக்கிழமை காலை, அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். வந்தவர் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்களே" என்றார். எண்ணைச் சரிபார்த்தார், முகவரி எழுதினார், டீ குடித்தார். எழுந்திருக்கப் போகிற நேரத்தில் பேனாவைத் திறந்து பிடித்தபடி, "இந்தப் போகம் வயல்ல என்ன போட்டிருக்கீங்க?" என்றார்.

மாமா பொய் சொல்லிப் பழகாதவர். தொண்டையைச் செருமினார். நெற்றியைத் துடைத்தார். எனக்கோ பதில் தெரிந்த கேள்வி. வகுப்பில்கூட அப்படி ஒரு கேள்வி எனக்கு வாய்த்ததில்லை.

"பொட்டி போட்டுகீறாங்க சார்! கன்டெய்னர் பொட்டி. சேப்பு, நீலம், பச்சை எல்லாம் கீது. எங்க மாமாதான் வண்டில எத்துக்கினு போய் எறக்குவாரு!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்து, "ஆமா சார்" என்றார். "நான் எழுதித்தானேப்பா ஆகணும்" என்று அவர் மெல்லச் சொன்னார். போகும்போது என் கன்னத்தைத் தட்டி, "சமத்து" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சில வாரத்தில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மாமா துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அது புதிதில்லை. எலெக்ஷன் வந்தால் ஒப்படைப்பதும் முடிந்ததும் வாங்கிவருவதும் வழக்கம்தான். ஸ்டேஷனில் இருந்தவர் போர்வையைப் பிரித்துவிட்டு, "இன்னாபா, புச்சா கீது? குடுக்கறதுக்கா இவ்ளோ பாலீஷு?" என்று கேட்டார். மாமா சிரித்தார். லைசென்ஸ் புத்தகத்தையும் கொடுத்தார், கொடுப்பதற்கு முன்னால் தொழில் என்ற அந்தப் பக்கத்தை ஒரு தரம் பிரித்துப் பார்த்தார்.

அம்மாவிடம் ரூல்ஸை மாத்திட்டாங்க என்று மட்டும் சொன்னார். அம்மா அதை நம்பவில்லை, எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான் என்று வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். மாமா போய் மூன்று வருடம் ஆகிறது. அவருடைய காரியத்தன்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள், "தாலுகா ஆபீஸ்காரர் வந்த அன்னிக்கு நான் வூட்ல இருந்திருந்தா கீரை போட்டுகீறோம்னு பட்டுனு சொல்லியிருப்பேன். அவனும் அதான் சொல்றேன்னு இருந்தான். யாரு இன்னா சொன்னாங்களோ." அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையில் இருந்த தம்ளரை வைக்க இடம் தெரியாமல் நின்றேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு திட்டு திட்டியிருக்கலாம் மாமா. அடித்திருந்தால்கூட இத்தனை வருடத்தில் ஆறியிருக்கும். உன்னிடம் ஒரே ஒரு திட்டு வாங்க வேண்டும் என்று இப்போது ஏக்கமாக இருக்கிறது.

அன்று ஸ்டேஷனிலிருந்து திரும்புகிற வழியில் நான் பைக்கின் முன்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். "அந்த சார் கேட்டதுக்கு நான் கரெக்டா சொன்னேன் இல்ல மாமா?" என்று கேட்டேன். லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னொரு தரம் கத்திக் கேட்டேன்.

"கரெக்டாதாம்மா சொன்னே" என்றார். என் தலைக்கு மேலே அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பொங்கலுக்குள் புதுத் துப்பாக்கி வந்துவிடும், எல்லோரும் சத்தம் கேட்க வரலாம் என்று திங்கட்கிழமை வகுப்பில் சொல்லிவிட்டேன்.