தொட்டுப் பார்க்க ஒரு கோட்டோபாக்சி

உழவர்கரையில் கிறிஸ்துமஸ் குடில் என்றால் இருதயமேரியைத்தான் கூப்பிடுவார்கள். குடில் கட்டிக்கொண்டிருந்த ஆள் ஒரு வருஷம் படுக்கையில் விழுந்தபோது, யாரும் சொல்லித் தராமலேயே பெத்லகேம் மலையைக் கட்டி நிறுத்தியவள் அவள். மூங்கில் பிளாச்சு, கோணி, பிளாஸ்டர், மேலே சாயம். பங்குக் கோயில் அதன்பிறகு வேறு ஆளைத் தேடவில்லை.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் கலைவாணி வந்தாள். லாஸ்பேட்டைப் பக்கம் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறவள்; அவளுக்கும் பார்வை கிடையாது.

"ஈக்வடார்ல கோட்டோபாக்சின்னு ஒரு எரிமலைக்கா. பாதியா வெட்டுன மாதிரி வேணும். எது முன்னாடி வந்துச்சு, எது பின்னாடி வந்துச்சுன்னு புள்ளைங்களே கண்டுபிடிக்கணும். நான் சொன்னா மனப்பாடம் பண்ணிடுதுங்க."

மலையின் கதையையும் சொன்னாள். லட்சக்கணக்கான வருஷங்களாகக் கக்கிய சாம்பல், நுரைக்கல், குழம்பு. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு பக்கமே சரிந்து விழுந்தது. பிறகு வழிந்த குழம்பு அந்தக் காயத்தை மூடி மலையைக் கூம்பாக்கிவிட்டது. 1877இல் உச்சிப் பனி உருகிச் சேறாகிக் கடல்வரை ஓடியது. இப்போதும் அவ்வப்போது புகைகிறது.

இருதயமேரி கட்டினாள். வெட்டுமுகத்தில் அடுக்கடுக்காகச் சாயம் தீட்டினாள். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

கலைவாணி வந்து இரண்டு கையாலும் தடவினாள். மேலிருந்து கீழே. மறுபடியும்.

"யக்கா, வெறும் சுவரா இருக்கே?"

இருதயமேரிக்கு முகம் சுண்டிப்போனது. குடிலுக்கு முன்னால் கயிறு கட்டியிருக்கும். யாரும் தொட மாட்டார்கள். அத்தனை வருஷமும் தள்ளி நின்று பார்க்கிற கண்ணுக்கே வேலை செய்த கை, இங்கேயும் அதையே செய்திருந்தது.

"அடுத்த வாரம் பாடம் ஆரம்பிக்கணும். முடியலன்னா வாயாலயே சொல்லிக்கிறேன், பரவால்லக்கா."

"நீ போம்மா. மலை வரும்."

புருஷன் அல்போன்ஸ் சிரித்தான். "குடில் ஒட்டகத்த மேல ஏத்தாம விட்டியேன்னு சந்தோசப்படு. இவ்ளோ அழகா இருக்கறத உடைக்கப் போறியா?"

"அழகு யாருக்கு? நகரு."

இம்முறை உள்ளே மூங்கில் இல்லை. மலை வளர்ந்த வழியிலேயே அடியிலிருந்து வார்த்தாள். சாம்பலுக்குச் சலித்த மணல், நுரைக்கல்லுக்குச் செங்கல் சில்லு, குழம்புக்குத் தரைக்குப் போடும் சிவப்புப் பூச்சு, கண்ணாடிபோலத் தேய்த்து. ஒன்று காயாமல் அடுத்ததை ஊற்றவில்லை. பழைய மலை முழுசாய் நின்றதும் உளியை எடுத்து ஒரு பக்கத்தைச் சரித்தாள்.

"ஐயோ, பைத்தியமா உனக்கு!" என்றான் அல்போன்ஸ்.

"விழுந்துச்சுல்ல? விழுந்ததாத்தான் இருக்கணும்."

உடைந்த கட்டிகளை அடிவாரத்திலேயே பதித்தாள். அந்தப் பள்ளத்தின் மேல் வழுவழுப்பான புதுக் குழம்பை ஊற்றிக் கூம்பை முடித்தாள்; வெட்டுமுகத்தில் மட்டும் எதையும் பூசாமல் அடுக்குகளைத் திறந்தே விட்டாள். வெளிச்சரிவில் பொடிக்கல் கலந்த சேற்றுத் தடம் ஒன்றை உச்சியிலிருந்து அடிப்பலகையின் விளிம்புவரை இழுத்துவிட்டாள்.

வகுப்பில் மெரின் என்ற பெண் முதலில் கை வைத்தாள். கலைவாணி வாயைத் திறக்கவில்லை; இருதயமேரி கதவோரம் நின்றாள். மெரினின் விரல் மணலில் ஊர்ந்து, செங்கல்லில் ஏறி, சட்டென்று நின்றது.

"மிஸ், இந்தப் பக்கம் அடுக்கு அந்துபோச்சு. மலை இடிஞ்சி விழுந்துச்சா?"

"எப்ப விழுந்துச்சு, சொல்லு."

விரல் கீழே போய், திரும்பி மேலே வந்தது.

"சொரசொரப்புக்கு அப்பறம். மேல இருக்கற வழுவழுப்புக்கு முன்னாடி."

"யாருடி சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல மிஸ், இங்கதான இருக்கு!"

பின்னால் நின்றவர்கள் தங்கள் முறைக்காக அவளை இடித்துத் தள்ள ஆரம்பித்தார்கள்.